களவுபோன நூற்றெண்பது பாகை

எங்கள் வளவுக்கு ஆறு மூலைகள். எங்கள் ஊர் தோட்டவெளியில் எனக்குத் தெரிந்த மற்ற வீட்டு வளவுகளுக்கெல்லாம் நாலு மூலைதான் இருந்தது. ஆகவே இதை ஒரு பெருமையாகவே நான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆறாம் மூலையால் எங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை, நட்டம்தான் என்பது கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் உறைத்தது. ஒரு றாத்தல் பேக்கரிப் பாணில் யாரோ ஒரு மூலையைப் பிய்த்தெடுத்த மாதிரி, எங்கள் வளவின் வடகிழக்கு மூலையில் ஒரு துண்டு இல்லாமல் இருந்தது. அந்தத் துண்டு பக்கத்து வளவோடு சேர்ந்திருந்தது. பக்கத்து வளவு பெரியம்மாவுடையது. அவர் அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. அந்தத் துண்டுக்குள்தான் கிணறு இருந்தது.

எங்கள் தீவில் கிணறு வெட்டுவது பெரிய வேலையில்லை. மணல், தோண்டினால் தண்ணீர் வரும். நல்ல தண்ணீர் வருமா என்பதுதான் கேள்வி. எங்கள் வளவிலும் பின்பக்கம் ஒரு கிணறு இருந்தது. அதில் சவர்க்காரம் நுரைக்காது, பருப்பு அவியாது, தேத்தண்ணீர் போட்டால் அதை வாயில் வைக்க முடியாது. பெரியம்மா வீட்டுக் கிணறு அங்கிருந்து அறுபது அடி தூரம்கூட இல்லை. அதன் தண்ணீரோ இளநீர் மாதிரி. ஆகவே காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு வாளி அங்கேயிருந்து தூக்கி வருவது என் வேலையாக இருந்தது. வேலியில் ஒரு ஆள் நுழையக்கூடிய அளவுக்கு ஒரு பொட்டு விட்டிருந்தார்கள். அதற்குள்ளால் போய் அதற்குள்ளால் வரவேண்டும்.

பொட்டுக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் பெரியப்பா இருப்பார். அவர் கடற்கரையோரத்தில் பிறந்து, தண்ணீர் பவுசர் லொறிக்குப் பின்னால் குடத்தோடு ஓடி வளர்ந்தவர். அந்தக் கிணற்றை அவர் பார்த்துக்கொண்ட மாதிரித் தன் இரண்டு பையன்களையும் பார்த்துக்கொண்டாரா என்பது சந்தேகம். இலை விழாமல் வலை போட்டிருந்தார். வருடத்தில் ஒருமுறை இறைத்துச் சேறு எடுப்பார். கப்பிக்கு எண்ணெய் விடுவார். இதெல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் நான் வாளியோடு நுழையும்போதெல்லாம் அவருக்குச் சொல்ல ஏதாவது இருந்தது.

"கயித்தை நிலத்தில போடாதை பிள்ளை. மண் பிடிக்கும்."

"போடேல்ல பெரியப்பா."

"காலமையும் ரெண்டு வாளி, பின்னேரமும் ரெண்டு வாளி. உங்கட வீட்டில என்ன, யானையோ வளக்கிறியள்?"

அவர் அதைப் பகிடியாகத்தான் சொன்னாரோ என்னவோ. பதின்மூன்று வயதில் எனக்குப் பகிடி பிடிபடாது, ரோசம் மட்டும் நன்றாக வரும். திரும்பும் வழியெல்லாம் தண்ணீர் தளும்பிக் காலில் கொட்ட, ஒருநாள் இந்தக் கிணறு எங்களுடையதாக வேண்டும் என்று நேர்ந்துகொண்டே நடப்பேன்.

தரம் எட்டில் கணித ரீச்சர் பல்கோணிகள் படிப்பிக்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான். முக்கோணியின் மூன்று கோணங்களையும் கூட்டினால் நூற்றெண்பது பாகை. அறுகோணியின் ஒரு மூலையிலிருந்து கோடுகள் கீறினால் அது நாலு முக்கோணிகளாகப் பிரியும். ஆகவே அதன் அகக்கோணங்கள் எல்லாம் சேர்ந்து நாலு நூற்றெண்பது, எழுநூற்றிருபது. தேன்கூட்டின் அறை மாதிரி ஒழுங்கான அறுகோணி என்றால் ஒவ்வொன்றும் நூற்றிருபது, எல்லாம் விரிகோணம். ஒழுங்கில்லாதது என்றால் கூர்ங்கோணம் வரலாம், செங்கோணம் வரலாம், எது எப்படி வந்தாலும் கூட்டுத்தொகை மாறாது. "எவ்வளவு நெளிச்சாலும் எழுநூற்றிருபதுதான்" என்று ரீச்சர் சொன்னதை நான் கொப்பியில் அடிக்கோடிட்டு எழுதினேன். உலகத்தில் இப்படி மாறாத ஒன்று இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இன்னும் ஒரு வகைக் கோணம் இருக்கிறது, அதை நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லி அவர் பாடத்தை முடித்தார்.

அடுத்த நாள் நாங்கள் மடுத் திருவிழாவுக்குப் போய்விட்டோம். இன்னும் ஒரு வகைக் கோணம் என்னைப் பார்க்காமலே வகுப்பறைக்கு வந்து போயிருக்கிறது.

திருவிழா முடிந்து வந்தபோது, வீட்டில் உள்ள ஆறு மூலைப் பொருளொன்றை அளந்து கூட்டுத்தொகையைச் சரிபார்த்து வரவேண்டும் என்ற வீட்டுவேலை காத்திருந்தது. தோழிகளில் ஒருத்தி சைக்கிள் நட்டை அளப்பதாகச் சொன்னாள், இன்னொருத்தி கோழிக்கூட்டுக் கம்பிவலையை. எனக்குச் சிரிப்பாக இருந்தது. என்னிடம் ஒரு முழு வளவே இருந்தது.

அம்மா தையல் மெசினில் இருந்தார். காணிப் படம் வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு எழும்பிப்போய், அலுமாரியின் மேல்தட்டில் இருந்த பழுப்பு நிற உறையை எடுத்தார். முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு நின்று, அதற்குள்ளிருந்து ஒரு தாளை மட்டும் உருவித் தந்தார். உறை மறுபடியும் மேலே போய்விட்டது. "ஊத்தை படாமல் பார்த்துப்போட்டுத் தா" என்று சொல்லிவிட்டு மெசினுக்குத் திரும்பினார்.

கொம்பாசுப் பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்து ஒவ்வொரு மூலையிலும் வைத்தேன். முதலாவது தொண்ணூறு. இரண்டாவதும் தொண்ணூறு. மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது எல்லாம் அப்படியே. படம் கீறிய சேவையர் நல்ல மனிதராக இருந்திருக்க வேண்டும். ஆறாவது, கிணற்றுப் பக்கம் உள்ளே மடிந்த மூலை. அதில் பாகைமானியை வைக்கக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. எப்படியோ திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன், அதுவும் தொண்ணூறுதான். ஆறு தொண்ணூறு ஐந்நூற்று நாற்பது.

மூன்று தரம் கூட்டினேன். மூன்று தரமும் ஐந்நூற்று நாற்பது. நூற்றெண்பது பாகை குறைகிறது. எவ்வளவு நெளித்தாலும் மாறாத கணக்கு எங்கள் வளவில் மட்டும் ஏன் மாறவேண்டும்? கணக்கு பொய் சொல்லாது. அப்படியானால் படம் பொய். வளவில் பிய்த்தெடுத்த மாதிரி இருப்பது ஒரே ஓர் இடம்தான், அது யார் பக்கம் போயிருக்கிறது என்பதும் தெரிந்ததுதான். என் கொப்பியில் பெரிய எழுத்தில் "களவுபோனது: 180 பாகை" என்று எழுதி அதைச் சுற்றிப் பெட்டி கீறினேன். அன்று நான் எவ்வளவு சந்தோசமாக நித்திரை கொண்டேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் சனிக்கிழமை, வேலி அடைப்பு. மாரிக்கு முன்னால் பழைய ஓலையைக் கழற்றிப் புதுப் பனையோலை கட்டவேண்டும். இரண்டு வீட்டுக்கும் பொதுவான வேலி, ஒரு தரம் அவர்கள் அடைத்தால் அடுத்த தரம் நாங்கள். அந்த முறை எங்களுடையது. வேலி அடைக்கிறவர் காலையிலேயே வந்து ஓலையைக் கழற்றிவிட்டார், வேலிக்கு நட்ட பூவரசங் கதியால்கள் மட்டும் வரிசையாக நின்றன. இப்படி வேலி திறந்து கிடக்கும் நாளில்தான் கதியால் ஒரு சாண் அங்கே போகும், இங்கே வரும் என்று ஊரில் எல்லாருக்கும் பயம். ஆகவே பெரியப்பா விடியற்காலையிலேயே கயிறு பிடித்துப் பார்த்து, தன் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

நான் கொப்பியோடு போனேன்.

"பெரியப்பா, இந்த வேலி பிழையான இடத்தில நிக்குது."

"ஆர் சொன்னது?"

"கணக்குச் சொல்லுது. ஆறு மூலை இருந்தா எழுநூற்றிருபது பாகை வரவேணும். எங்கட வளவுக்கு ஐந்நூற்று நாப்பதுதான் வருது. நூற்றெண்பதைக் காணேல்ல."

"காணேல்லையோ? அப்ப ஆர் எடுத்தது?"

நான் கிணற்றைப் பார்த்தேன்.

அவர் கதிரையிலிருந்து எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. "தம்பி! இஞ்ச வாரும்!" என்று எங்கள் வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். அப்பா ஓலைக் கட்டோடு வந்தார்.

"பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கிறீர் என்ன? நேர வந்து கேட்கப் பயமோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்ல அண்ணை. அது ஏதோ பள்ளிக்கூடக் கணக்கு."

"பள்ளிக்கூடத்தில என்ர கிணத்தையோ படிப்பிக்கினம்?" அவர் வேலி அடைக்கிறவர் பக்கம் திரும்பினார். "பொட்டு விடாதையும். முழுக்க அடையும். இண்டையோட சரி. தண்ணி வேணுமெண்டா அந்த நூற்றெண்பதைத் தேடி எடுத்து அதுக்குள்ள கிணறு வெட்டட்டும்."

வேலி அடைக்கிறவர் கையில் இருந்த ஓலையைக் கீழே வைத்துவிட்டு, யாராவது ஒரு முடிவு சொல்லும்வரை வெற்றிலை போடலாம் என்று உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு வாளி நினைவுக்கு வந்தது. பொட்டை அடைத்தால் நாங்கள் குடிக்கத் தண்ணீருக்கு ஒழுங்கையால் சுற்றி, கோயிலடிக் குழாய்க்குப் போகவேண்டும். அதில் தண்ணீர் வருவதும் வராததும் அதன் இஷ்டம். ஆனால் அந்தப் பயம் கொஞ்ச நேரம்தான். ஏனென்றால் அப்பா, சந்தையில் மீன்காரன் அழுகல் மீனைத் தந்தாலும் பேசாமல் வாங்கி வருகிற என் அப்பா, ஓலைக் கட்டைத் தொப்பென்று போட்டார்.

"பதினைஞ்சு வருசமா நான் பேசாமல் இருக்கிறன் அண்ணை. இனி ஏலாது. காணி உறுதியைக் கொண்டு வாறன். ஆற்ற கிணறெண்டு பாப்பம்."

"கொண்டு வாரும்! நானும் அதைத்தானே சொல்லுறன்!"

அப்பா வீட்டுக்குள் விறுவிறென்று போனார். நான் பூரித்துப்போனேன். என்னுடைய கணக்கு ஒரு பெரிய மனிதரை நடக்க வைத்திருக்கிறது!

பெரியம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்த கையோடு ஓடி வந்தார். கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவரின் முகத்தைப் பார்த்தேன், வெளிறிப்போய் இருந்தது. களவு பிடிபட்டவர்களின் முகம் இப்படித்தான் இருக்கும் என்று நான் தீர்மானித்தேன். பெரியம்மாவில் எனக்கு விருப்பம் உண்டு, அதனால் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. ஆனாலும் நியாயம் நியாயம்தானே.

அப்பா பழுப்பு உறையோடு படியிறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் அம்மா, கழுத்தில் அளவுநாடா, கையில் கத்தரிக்கோல், தையலிலிருந்து எழும்பிய கோலத்தில் வந்தார். வேலிக்குக் கிட்டே வந்ததும் அப்பாவின் கையிலிருந்து உறையை வாங்கினார். திறக்கப்போகிறார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அதைத் தன் கக்கத்தில் வைத்து இடுக்கிக்கொண்டார்.

"பொறுங்கோ அத்தான்" என்றார். "பிள்ளை கணக்கைப் பிழையாச் செய்துபோட்டுது."

"இல்லை அம்மா, ரீச்சர் தந்த சூத்திரம்!"

"சூத்திரம் சரி. நீ அளந்ததுதான் பிழை."

அம்மா குனிந்து, கத்தரிக்கோலின் நுனியால் மணலில் எங்கள் வளவைக் கீறினார். ஆறு மூலைகளும் அச்சாக வந்தன. உள்ளே மடிந்த மூலையில் நுனியை ஊன்றினார்.

"சதுரக் கழுத்துச் சட்டை வெட்டுறன் எண்டு வை. கழுத்து மூலையில துணி எந்தப் பக்கம் இருக்கு, ஓட்டை எந்தப் பக்கம் இருக்கு?"

நான் அந்த மூலையைக் குனிந்து பார்த்தேன்.

"நீ ஓட்டையை அளந்திருக்கிறாய். துணியை அள. அங்க போய் நில்லு."

வேலியின் அந்த மூலையில், எங்கள் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு பக்க வேலியைப் பார்த்தபடி நின்று, கிணற்றுப் பக்கம் திரும்பாமல், எங்கள் வளவைப் பார்த்தபடியே மற்ற வேலிவரை சுற்றி வரச் சொன்னார். திரும்பினேன். தொண்ணூறு போனது. முதலில் பார்த்த வேலிக்கு நேர்எதிர்ப் பக்கமும் வந்தது, அது நூற்றெண்பது. அதற்குப் பிறகும் வேலி வரவில்லை. இன்னும் ஒரு தொண்ணூறு திரும்பிய பிறகுதான் மற்ற வேலி மூக்குக்கு நேரே வந்தது. என் பாகைமானி அரைவட்டம், அதில் நூற்றெண்பதுக்கு மேல் இலக்கம் இல்லை. அதற்கு மேலும் ஒரு கோணம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்ன அன்று நான் மடுவில் நின்றேன்.

"எவ்வளவு?"

"இருநூற்றெழுபது."

"மற்ற அஞ்சோடையும் கூட்டு."

அஞ்சு தொண்ணூறு நானூற்றைம்பது. அதோடு இருநூற்றெழுபது. எனக்கு அழுகை வந்தது. "எழுநூற்றிருபது" என்றேன்.

"என்ன சொன்னனீ? விளங்கேல்ல" என்றார் பெரியப்பா. விளங்கியது அவருக்கு. இரண்டாம் தரமும் சொல்ல வைத்தார்.

"பாத்தியளே! ஒரு பாகையும் குறையேல்ல! பள்ளிக்கூடத்துக் கணக்கே சொல்லுது!" அவர் விழுந்த கதிரையை நிமிர்த்தி உட்கார்ந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"சின்னப்பிள்ளை, குறை நினைக்காதேங்கோ அத்தான். பொட்டை மட்டும் விடச் சொல்லுங்கோ."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரைப் பார்க்காமலே தலையை ஆட்டினார். அப்பா போய் ஓலைக் கட்டைத் தூக்கினார்.

வென்ற மனிதருக்குத் தாராளம் வருவது வழக்கம். பெரியப்பா வேலி அடைக்கிறவரைக் கூப்பிட்டு, "விடும், விடும். மச்சாள் நியாயம் தெரிஞ்ச ஆள். பிள்ளை வாளியோட வாறது, முட்டுப்படாமல் ஒரு சாண் கூட்டியே விடும்" என்றார். வெற்றிலையைத் துப்பிவிட்டு அவர் வேலையைத் தொடங்கினார்.

அம்மாவில் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எதிரணிக்கு முன்னால் வைத்துத் தன் பிள்ளையைத் தோற்கடித்த தாய் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார் என்று நினைத்தேன். பிழையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். குறைந்தது உறையைத் திறந்தாவது காட்டியிருக்கலாம், அதில் எங்களுக்குச் சாதகமாக ஒரு வரியாவது இல்லாமலா போய்விடும்? திங்கட்கிழமை ரீச்சர் என் கொப்பியைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார். பின்வளைகோணம் உள்ள குழிவு அறுகோணியைக் கொண்டுவந்த ஒரே பிள்ளை நான்தானாம். கைதட்டினார்கள். எனக்கு அது ஒட்டவே இல்லை. வீட்டில் நாலு நாள் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தேன்.

போன வருடம் எனக்குக் கல்யாணம் பேசியபோது, வளவை என் பெயரில் எழுதுவதற்காக அம்மா அந்த உறையை மேசையில் கொட்டினார். உள்ளே இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று நான் அளந்தது. மற்றது அதைவிடப் பழையது, அதில் எங்கள் வளவுக்கு நாலு மூலைகள்தான். கிணறு எங்கள் பக்கத்தில் இருந்தது. அதோடு இணைத்திருந்த தாளில், தனக்குச் சீதனமாக வந்த வளவில் கிணற்றடித் துண்டை மட்டும் தன் தகப்பனுக்குத் திருப்பிக் கொடுப்பதாக அம்மா கையெழுத்து வைத்திருந்தார். நொத்தாரிசின் முத்திரையில் இருந்த திகதி பெரியம்மாவின் கல்யாணத்துக்கு மூன்று கிழமைக்கு முன்னால்.

நான் அந்தத் தாளை வைத்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தேன்.

"எனக்கு முதல் கலியாணம் முடிச்சு வச்சிட்டினம்" என்றார் அம்மா. "தங்கச்சிக்கு முதல்ல முடிஞ்சதெண்டு அக்காவுக்கு வாற இடமெல்லாம் தட்டிப்போச்சு. கடைசியா வந்த இடம், நல்ல தண்ணிக் கிணறு இருந்தாச் செய்யிறமெண்டு சொன்னது."

"பெரியம்மாவுக்குத் தெரியுமோ?"

"ஓம். அவவுக்கும் உன்ர அப்பாவுக்கும் தெரியும்."

"பெரியப்பாவுக்கு?"

"தெரியாது. அந்தக் கிணத்தில அவருக்கு எவ்வளவு பெருமை. தெரிஞ்சா அந்த மனுசன் பிறகு அந்தத் தண்ணியைக் குடிப்பாரோ? அக்காவோட முகம் குடுத்துத்தான் கதைப்பாரோ?"

அம்மா இரண்டு படங்களையும் ஒன்றாக மடித்தார். அன்றைக்கு உறையைத் திறந்திருந்தால் நான் வென்றிருப்பேன் என்பது அப்போதுதான் விளங்கியது. என்னுடைய கணக்கு பிழை, ஆனால் ஒரு துண்டு குறைகிறது என்று நான் சொன்னது உண்மை. அதை அந்த வளவில் என்னைத் தவிர மூன்று பேர் அறிந்திருந்தார்கள். மூன்று பேருமாகச் சேர்ந்து, அப்படி ஒரு குறை இல்லை என்று என்னையே நிரூபிக்க விட்டுவிட்டார்கள்.

வேலி அடைத்த அன்று மாலை நடந்தது ஒன்றும் அதன் பிறகுதான் எனக்கு வேறு விதமாகத் தெரிகிறது. கோபத்தில் நான் தண்ணீர் அள்ளப் போகவில்லை, குசினிப் படியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். பெரியப்பா சைக்கிளில் எங்கேயோ போயிருந்தார். புதுப் பொட்டுக்குள்ளால் பெரியம்மா வந்தார், கையில் நிறைந்த வாளி. அவர் எங்களுக்குத் தண்ணீர் தூக்கி வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அம்மா படியிறங்கிப் போய் வாளியின் கைபிடியைப் பிடித்தார். பெரியம்மா விடவில்லை. அம்மாவும் விடவில்லை. இரண்டு பேரும் ஒரே கைபிடியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார்கள். தண்ணீர் தளும்பி இரண்டு பேரின் காலிலும் கொட்டிக்கொண்டிருந்தது. காலையில் கிணற்றுக்குச் சண்டை, இப்போது வாளிக்கும் சண்டையா என்று நினைத்தேன். இதிலாவது அம்மா வெல்லட்டும் என்று படியில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்.